பாலக்காடு வரை போன தக்காளி வேர்

சென்னியப்பன் பொய் சொல்கிறவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் யார் கேட்டாலும் அவரே அப்படித்தான் சொல்வார். உள்ளதை உள்ளபடி சொன்னால் எதிரே இருப்பவருக்கு அலுத்துப்போகுமே என்ற நல்லெண்ணத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், அவ்வளவுதான். அவர் வீட்டு எருமை ஒரு தடவை தும்மியதில் பக்கத்து ஊர்க் காற்றாலை சுற்ற ஆரம்பித்ததாம். அதற்குக் கரண்ட் ஆபீசிலிருந்து ஒரு நன்றி வார்த்தைகூட வரவில்லை என்று அவருக்கு இன்றைக்கும் வருத்தம்.

இந்த நல்லெண்ணத்தின் முழு பாரமும் அக்காள் மகன் பூபதியின் தலையில்தான் இறங்கியது. பூபதிக்கு அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, சைக்கிள் ஓட்டப் பழக்கியது, உடுமலைக்குத் தெற்கே இருக்கிற தோட்டத்தைப் பங்காளிகள் வாயில் போகாமல் காப்பாற்றிக் கொடுத்தது எல்லாம் இந்த மாமன்தான். அதனால் மாமன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவனுக்குப் பழக்கமில்லை. அவர் பேசுவார், இவன் தலையை ஆட்டுவான். வேலையைச் சரியாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பூபதிக்கு முப்பத்து நாலு வயது. தொழில் காய்கறி விவசாயம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எந்த ஊரிலும் பெண் கிடைக்காது. தரகர் போன் போட்டு, "மாப்பிள்ளை தோட்டம் பார்க்கிறாருங்க" என்பார். அடுத்த நொடி எதிர்முனையில் சிக்னல் போய்விடும். ஊருக்கு ஊர் டவர் நட்டு வைத்திருக்கிறார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டுக்குள் மட்டும் அந்த ஒரு சொல் நுழைவதில்லை. மாப்பிள்ளைக்குத் தோட்டம் இருக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளை தோட்டத்தில் இருக்கக் கூடாது. அதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும்.

அப்படிப்பட்ட காலத்தில் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு இடம் தகைந்து வந்தது. பெண்ணின் அப்பா பொங்கியண்ணன், போர்வெல் ரிக் வண்டி வைத்து வடக்கே பல மாநிலங்களில் பூமியைத் துளைத்தவர். பெண் சிந்துஜா அந்த ரிக் ஆபீசைப் பார்த்துக்கொள்கிறாள். "தோட்டக்காரர்னா என்னப்பா, போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அவளே சொன்னதாகத் தரகர் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து பூபதி அவள் போட்டோவை எடுத்துப் பார்த்துப் பார்த்தே போனில் சார்ஜ் தீர்த்துக்கொண்டிருந்தான். போட்டோவில் அவள் சிரிக்கக்கூட இல்லை. இருந்தாலும் அவனுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இந்த இடமும் தவறிப்போனால் என்ன செய்வது என்பதுதான் அவன் கவலை.

வீடும் தோட்டமும் பார்க்க வருகிறோம் என்று தகவல் வந்ததும் மாமன் களத்தில் இறங்கினார். தக்காளி அப்போதுதான் நட்டு வேர் பிடித்திருந்தது. உடுமலைக் கடையில் பூபதி கடல்பாசிச் சாறு ஒரு கேன் வாங்கி வைத்திருந்தான். வீட்டில் மீனும் வெல்லமும் போட்டு ஊறவைத்த மீன் அமிலம் ஒரு தொட்டி, பஞ்சகவ்யம் ஒரு தொட்டி. கடைக்காரர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "பத்து லிட்டர் டேங்குக்கு ஒரு மூடி. இது உரமில்லீங்க. வேரைத் தட்டி எழுப்பி விடற சாமானம். எழுப்பி விட்டாப் போதும், அப்பறம் அதுவே வேலைக்குப் போயிரும். அளவு மீறுனா வேரு சுருங்கிக்கும்."

"மூடியாம் மூடி!" என்றார் சென்னியப்பன். "மூடியில ஊத்துனா எறும்பு வாய் கொப்பளிக்கக்கூடக் காணாது. பொண்ணு வீட்டுக்காரங்க வர்றப்ப செடி மூங்கில் மாதிரி நிக்க வேண்டாமா?"

பூபதிக்குக் கடைக்காரர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. வழக்கம்போலத் தலையை ஆட்டினான். மாமன் கேன் கேனாக, தொட்டி தொட்டியாக ஊற்றினார். செடியும் நெஞ்சு உயரத்துக்குக் கன்னங்கரேலென்று கொழுத்து எழுந்தது. பூ வந்தது, வந்த பூவெல்லாம் கொட்டியது. தோட்டம் முழுக்கத் தேடினாலும் தக்காளி என்று சொல்லிக்கொள்ள ஒரு பிஞ்சு கிடையாது.

"வர்றவங்க செடியைத்தான் பாப்பாங்க. குனிஞ்சு காயவா எண்ணப் போறாங்க?" என்றார் மாமன். "பேச்சை எங்கிட்ட விட்டுரு. நீ மட்டும் வாயைத் தொறக்காத. நீ நெசத்தப் பேசிப் பேசித்தான் வந்த எடமெல்லாம் போச்சு."

குறித்த நாளில் வெயில் ஏறும் முன்பே வெள்ளைக் கார் வந்து நின்றது. பொங்கியண்ணன் இறங்கினார். ஒடிசலான ஆள், வெளுத்த சட்டை, அதிகம் பேசாத முகம். கூட அவருடைய அக்காள் மயிலாத்தாள், பெண்ணுக்கு அத்தை. மயிலாத்தாள் செல்போனை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தபடியே இறங்கினார். போட்டோ எடுக்கிறார் போல என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"வாங்க சம்மந்தி, வாங்க வாங்க!"

பொங்கியண்ணன் இன்னும் இரண்டாவது காலைக் கீழே ஊன்றவில்லை. அதற்குள் சம்மந்தி ஆகிவிட்டார்.

"வந்தனுங்க" என்றார் அவர், சம்மந்தி என்ற அந்தச் சொல்லைத் தொடாமல்.

பூபதியின் அம்மா சாரதா கச்சாயப் பலகாரம் சுட்டுத் தட்டில் அடுக்கி, காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். "காப்பி எடுத்துட்டு வரட்டுங்களா?"

"இருக்கட்டுங்கம்மா. மொதல்ல தோட்டத்தப் பாத்துட்டு வந்தர்றோம்."

அந்தப் பக்கத்தில் அது ஒரு வழக்கம். பார்க்க வந்த இடத்தில் மனசு ஒப்பும்வரை கை நனைக்க மாட்டார்கள். காப்பி குடித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. "இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினால் அதற்குப் பிறகு போன் போட்டு விசாரிக்க வேண்டியதில்லை. இதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஏறிப் போனார்கள். ஆடை படிந்த காப்பியை ஒவ்வொரு தடவையும் சாரதாவே குடித்தார். பூபதி அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வரப்பில் சென்னியப்பன் முன்னால் நடந்தார். தக்காளிக் காட்டைப் பார்த்ததும் பொங்கியண்ணன் நின்றார். "செடி நல்லா மதமதன்னு இருக்குதுங்க. காய்..."

"காய விடுங்க சம்மந்தி! காயி எந்தத் தோட்டத்துலதான் இல்ல? வேரு எந்தத் தோட்டத்துல இருக்குது, சொல்லுங்க பாப்போம்! மேல நிக்கறது சும்மா அடையாளத்துக்கு. வெள்ளாமை பூராவும் கீழதானுங்க."

"என்னமோ மீன் கடை வாசம் அடிக்குதுங்களே" என்றார் மயிலாத்தாள், முந்தானையால் மூக்கைத் தொட்டுக்கொண்டு.

"அதானுங்க சமாச்சாரமே! கடல்பாசிச் சாறு, மீன் அமிலம், பஞ்சகவ்யம். எல்லாம் இயற்கை. இதக் குடிச்ச வேரு எப்படி ஓடுதுங்கறீங்க? போன வாரம் இந்த ஓரத்துல ஒரு அருகம்புல்லப் புடுங்குனேன். அங்க, மேக்கால வேலிக்கிட்ட நாலு செடி தலையாட்டுது. கீழ எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கை கோத்துக்கிட்டு நிக்குதுங்க."

"அருகம்புல்லுக்கேங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

அவர் கேட்ட தோரணையில் பூபதிக்குக் காது சுட்டது. மாமனுக்கோ அது தண்ணீர் பாய்ச்சின மாதிரி இருந்தது.

"இதுக்கே இப்படிக் கேட்டா எப்படிங்க? நாத்து குழித்தட்டுல இருந்துது பாருங்க, அப்ப ஒரு நாளு சாயந்திரம் தொட்டி மூடியைத் தொறந்து மூடுனேன். ஊத்தக்கூட இல்ல, வாசம் பட்டுதோட சரி. காலையில போய்ப் பாத்தாத் தட்டு பூராக் காலி! அடக் கெரகமே, எவனோ தூக்கிட்டுப் போயிட்டானாட்ட இருக்குதேன்னு காட்டுக்கு ஓடியாறேன். எல்லா நாத்தும் தானா எறங்கி வந்து பாத்தி பாத்தியா வரிசை புடிச்சு நிக்குது. நடவுக்கு ஆளே கூப்பிடல."

"சொட்டுநீர்க் குழாயையும் அதுகளே இழுத்துப் போட்டுக்கிச்சுங்களா?" என்று கேட்டார் மயிலாத்தாள்.

"இல்லீங்க, அது நாங்க போட்டது. பொய் சொல்லக் கூடாது பாருங்க."

நாணயமான மனிதர். அந்தக் குழாய் விஷயத்தில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

"ஆனா அந்தக் குழாயும் தெண்டமுங்க" என்று அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். "வேரு நேராப் போயிக் கெணத்துல எறங்கிருச்சு. வேணும்கறப்ப உறிஞ்சிக்குது. இந்தப் போகத்துல நான் மோட்டாரே போடல. ரீடிங் எடுக்க வந்த பையன் மீட்டரைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு, செத்துப்போச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டான்."

அவர் வாயை மூடுவதற்குள் கிணற்று மேட்டில் மோட்டார் 'கர்ர்' என்று எடுத்தது. விருந்தாளிகள் தண்ணீர் வளத்தைப் பார்க்கட்டும் என்று சாரதா நல்ல மனசோடு சுவிட்சைப் போட்டிருந்தார். தொட்டியில் தண்ணீர் கொப்பளித்து விழுந்தது.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பூபதி தரையைப் பார்த்தான்.

"ஆமாங்க" என்றார் சென்னியப்பன், கொஞ்சம்கூட அசராமல். "செடிக்கு வயிறு நெறஞ்சு போச்சுங்க. வேண்டாம்னு திருப்பித் தள்ளுது. அந்தச் சத்தமுங்க அது."

மயிலாத்தாள் சிரிப்பை அடக்கத் திரும்பியபோது கையிலிருந்த போனும் பூபதி பக்கம் திரும்பியது. அதில் ஒரு முகம் இருந்தது. அவன் பார்த்துப் பார்த்துச் சார்ஜ் தீர்த்த அதே முகம். வீடியோ காலில் சிந்துஜா உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஆரம்பத்திலிருந்து அத்தனையையும் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிப்பதற்குள் போன் திரும்பிவிட்டது. பூபதி மாமனின் வேட்டி நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தான். மாமன் அதை உற்சாகப்படுத்துகிறான் என்று எடுத்துக்கொண்டார்.

"வேரு நல்லா ஓடுச்சுன்னா செடிக்குச் செரிமானம் வேகமாயிரும் பாத்துக்குங்க. மண்ணுல இருக்கற சத்த வேரு மேல ஏத்தும். எலை அத வெயில்ல வச்சுச் சமைக்கும். சமைச்சதுல பங்கு திரும்ப வேருக்கு எறங்கும். அதத் தின்னு வேரு இன்னும் ஓடும்."

மாமன் பேச்சில் அபூர்வமாக இப்படி ஒரு உண்மை வந்து உட்கார்ந்ததைப் பார்த்துப் பூபதிக்கே ஆச்சரியமாக இருந்தது. அது அதிக நேரம் உட்காரவில்லை.

"இதுக செரிமானம் இருக்குதே, அசுரச் செரிமானம். மத்தியானம் வரப்புல படுத்தாத் தூங்க முடியாதுங்க, ஏவ் ஏவ்னு காடே ஏப்பம் விடுது. பக்கத்துத் தோட்டத்துக்காரரு சண்டைக்கு வந்துட்டாரு. ஒரு நாளு மம்மட்டிய மறந்து பாத்தியில வச்சுட்டு வந்துட்டேன். மறுநா பாத்தாப் புடிக்கட்டை மட்டும் கெடக்குது. இரும்பத் தின்னுபோட்டுது! அந்த வரிசையில எலையச் சுண்டுனாக் கணீர்னு கோயில் மணியாட்டச் சத்தம் வருமுங்க."

பொங்கியண்ணன் பக்கத்தில் இருந்த இலையை விரலால் சுண்டினார். இலை வழக்கம்போல் இலையாகவே இருந்தது.

"இந்த வரிசை இல்லீங்க, அடுத்தது" என்றார் சென்னியப்பன்.

"கட்டையை ஏனுங்க விட்டுருச்சு?" என்றார் மயிலாத்தாள்.

"வேப்பங்கட்டைங்க. கசப்பு ஒத்துக்கல."

நடந்து கொண்டே பண்ணைக்குட்டைக்கு வந்தார்கள். சதுரமாக வெட்டிய குட்டை, அடியில் கொஞ்சம் தண்ணீர், கரையில் அரசுத் திட்டப் பலகை ஒன்று. குட்டையை அந்தக் கோடையில் பூபதிதான் பக்கத்தில் நின்று வெட்டி முடித்தான். இதையாவது மாமன் விட்டுவிடுவார் என்று அவன் நம்பினான். நம்பிக்கைக்கு ஒரு அளவு வேண்டாமா?

"இது குட்டையில்லீங்க. முள்ளங்கி இருந்த எடம்."

பொங்கியண்ணன் குட்டையைப் பார்த்தார், சென்னியப்பனைப் பார்த்தார்.

"போன வருசம் ஒரே ஒரு முள்ளங்கி வெதை தவறி விழுந்துருச்சு. மேலயே மருந்து வடிஞ்ச கேனும் சாஞ்சிருச்சு. அவ்வளவுதான். புடுங்கலாம்னு நானும் இவனும் இழுத்தோம், அசையல. மாடு பூட்டி இழுத்தோம், டிராக்டர் கட்டி இழுத்தோம், டிராக்டர் முன்சக்கரம் மேல தூக்கிருச்சு. கடைசியில ஜேசிபி வந்து புடுங்குச்சு. முள்ளங்கி கெளம்புன பள்ளம்தானுங்க இது. அளக்க வந்த ஆபீசரு, இவ்வளவு சுத்தமா வெட்டுனது யாருங்கன்னு கேட்டுப் பலகையும் நட்டுட்டுப் போனாரு. ஊர்ல எல்லார் வீட்டுலயும் சாம்பாரு. முள்ளங்கிச் சாம்பாருன்னாலே இப்ப ஓடறானுங்க."

"சதுர முள்ளங்கிங்களா?" என்று கேட்டார் பொங்கியண்ணன், குட்டையின் நாலு மூலையையும் நிதானமாகப் பார்த்து.

"வளர எடம் பத்தாம முட்டி முட்டிச் சதுரமாயிருச்சுங்க" என்றார் சென்னியப்பன்.

போனிலிருந்து லேசாக ஒரு கனைப்பு கேட்டது. மயிலாத்தாள் தன் தொண்டையைச் செருமிச் சமாளித்தார். பூபதிக்கு மட்டும் விஷயம் தெரியும். ஓடிப்போய்க் குட்டையில் குதித்துவிடலாமா என்று இருந்தது. அங்கே முழங்கால் தண்ணீர்தான், அதற்கும் வழியில்லை.

"இதெல்லாம் பக்கத்துல நடந்தது. வெளியூர் சமாச்சாரம் கேளுங்க" என்று சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். துண்டு தோளுக்குப் போனால் கதை ஜில்லா எல்லையைத் தாண்டுகிறது என்று அர்த்தம். "ஒரு நாளு இந்தத் தக்காளிச் செடி ஒண்ணு வெடுக் வெடுக்குனு ஆடுது. காத்தில்ல. எலியுமில்ல. என்னடான்னு பாத்தா, பாலக்காட்டுப் பக்கம் ஒருத்தரு மரவள்ளிக் கெழங்குன்னு நெனச்சு நம்ம வேரைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கறாரு! நான் இங்கிருந்து இழுக்க, அவரு அங்கிருந்து இழுக்க, அப்பறம் அவரே நம்பரு தேடிப் போன் பண்ணி, சேட்டா விட்டுருங்கன்னு கேட்டுக்கிட்டாரு. அன்னையில இருந்து அந்த ஒரு வரிசைக்குத் தமிழ்ல திட்டுனா ஒறைக்கறதில்லீங்க. மலையாளத்துல ரெண்டு வார்த்தை சொன்னாத்தான் தலை நிமிருது."

"மலையாளம் உங்களுக்குத் தெரியுங்களா?" என்றார் மயிலாத்தாள்.

"எனக்கெங்கீங்க தெரியும்? செடிதான் சொல்லிக் குடுத்துச்சு."

சென்னியப்பன் ஜெயித்த முகத்தோடு நின்றார். பொங்கியண்ணன் வரப்பு ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அவர் முகத்தில் இருந்த கேலி போய், ஏதோ ரொம்ப நாள் தேடியது கிடைத்த மாதிரி ஒரு கவனம் வந்தது.

"இப்பத்தானுங்க எனக்கு வெளங்குது" என்றார்.

"என்னங்க சம்மந்தி?"

"நான் ராஜஸ்தான்ல வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தப்ப ஜெய்சல்மேர் பக்கம் ஒரு போர் போட்டோம். சுத்தியும் மணலு, ஒரு செடி கெடையாது. ஆயிரத்துச் சொச்சம் அடி போயிருப்போம், டக்குனு துளை போடற பிட்டு நின்னுருச்சு. பாறைன்னு நெனச்சோம். மேல தூக்குனா வரல. கம்ப்ரசர் வேகத்தக் கூட்டி இழுத்தோம். கீழ இருந்து ஆரோ திருப்பி இழுக்கறாங்க."

சென்னியப்பனின் முகத்தில் ஒரு சந்தோஷம் ஓடியது. தன் ஜாதிக்காரரைத் தூர தேசத்தில் பார்த்த சந்தோஷம். "அப்பறமுங்க?"

"நாங்க மேல இழுக்க, அது கீழ இழுக்க, வண்டி சக்கரமே மணலுக்குள்ள எறங்குது. கடைசியில ராடு மட்டும் வந்துச்சு. பிட்டு வரல. ராடு நுனியில வெள்ளை வெளேர்னு ஒரு சல்லி வேரு சுத்தியிருந்துது. எடுத்து மோந்து பாத்தா மீன் வாசம். பாலைவனத்துல மீன் ஏதுங்க? எங்க பசங்க பயந்துட்டாங்க. அன்னையில இருந்து அந்த வேரு ஆரு வீட்டுதுன்னு போற ஊரெல்லாம் விசாரிச்சுக்கிட்டே இருந்தனுங்க." மண்ணைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். "நம்மளுதுதான். வாசம் ஒத்துப்போச்சு. அப்ப எம்பட பிட்டும் இங்கதான் இருக்கோணும். நல்லாப் பொழங்குன பிட்டுங்க, வாங்கிக்கிட்டுத்தான் போவேன்."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். மூடினார். அது பொய் என்று சொன்னால், கிணற்றிலிருந்து பாலக்காடு வரைக்கும் அவர் வேரும் பொய். நிஜம் என்று சொன்னால் பிட்டைக் கொடுத்தாக வேண்டும். அவர் ஆயுளில் பேச்சு முட்டி நின்றது அன்றைக்குத்தான். பூபதி அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பாவமாகக்கூட இருந்தது.

"சும்மா செடிகிட்டக் கேளுங்க, குடுக்குதான்னு பாப்போம்" என்றார் பொங்கியண்ணன். "இல்லைன்னா நானே எடுத்துக்கறேன்."

"வேண்டாமுங்க சம்மந்தி, இழுத்தாக் காடே..."

பொங்கியண்ணன் குனிந்து பக்கத்துச் செடியின் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்தார். மாடு, டிராக்டர், ஜேசிபி ஒன்றும் தேவைப்படவில்லை. நெஞ்சுயரச் செடி, குச்சியில் கட்டியிருந்த கயிறோடு, சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று இருந்தது ஒரு பல் தேய்க்கும் பிரஷ் அளவு. பழுப்பேறி, சுருங்கி, நுனி கருகி இருந்தது.

சென்னியப்பன் குனிந்து அதைப் பார்த்தார்.

"வெக்கமுங்க" என்றார் சென்னியப்பன் மெதுவாக. "பொண்ணு வீட்டுக்காரங்களப் பாத்ததும் வேர உள்ள இழுத்துக்கிச்சு."

அப்போதுதான் போனிலிருந்து குரல் வந்தது. "அத்தை, அந்தச் செடியை நல்லாக் காட்டுங்க." மயிலாத்தாள் போனைக் கிட்டக் கொண்டுபோனார். "வேரு இருக்கட்டும். நானும் காலையில இருந்து பாக்கறேன். காயி எங்கீங்க?"

காலையிலிருந்து மாமன் முடிக்க விடாமல் துரத்திய கேள்வி, திருச்செங்கோட்டிலிருந்து முழுசாக வந்து இறங்கியது. சென்னியப்பன் போனைப் பார்த்தார். பெண்ணே கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் உடனே துண்டைத் தோளுக்குக் கொண்டுபோனார். அடுத்த கதை கிளம்புகிறது என்று பூபதிக்குத் தெரிந்தது. இதற்கும் தலையாட்டி விட்டுவிட்டால் அந்த முகத்தை இனிமேல் போட்டோவில் பார்க்கவும் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

"காயே இல்லீங்க" என்றான்.

"டேய்" என்றார் மாமன்.

"இருங்க மாமா. ஒரு பிஞ்சுகூட இல்லீங்க. நீங்க வர்றீங்கன்னு செடி பாக்க நல்லா நிக்கோணும்னு மருந்த ஏத்தி ஊத்திப்புட்டோம். டேங்குக்கு ஒரு மூடிதான் ஊத்தச் சொன்னாங்க. அந்த அளவுல குடுத்திருந்தா வேரு சல்லி சல்லியாப் பிரிஞ்சு தானாச் சத்துத் தேடி ஓடியிருக்கும். செடியும் பசிச்சு வாங்கிச் செரிச்சுப் பூவக் காயாக்கியிருக்கும். நாங்க கேன் கேனா ஊட்டி விட்டுட்டோம். கெட்டியா விழுந்ததுல வேரு கருகிச் சுருங்கிருச்சு. மேல தழை மட்டும் கொழுத்துருச்சு. எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

"இப்ப என்ன பண்ணுவீங்க?" என்றது போன்.

"நல்ல தண்ணி மட்டும் விட்டு ஒரு பாத்தி வரைக்கும் தேத்திப் பாப்பனுங்க. மிச்சத்த உழுது போட்டுட்டுப் புதுசா நடோணும். இந்தப் போகம் போனது போனதுதான்."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து பெரிய கல்லை இறக்கின மாதிரி இருந்தது. கூடவே எல்லாம் முடிந்தது என்றும் தோன்றியது. வீட்டு வாசலில் அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காப்பியையும் அம்மாதான் குடிக்க வேண்டும்.

பொங்கியண்ணன் பிடுங்கிய செடியைக் கீழே வைத்துவிட்டுப் போன் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, கேட்டுக்கிட்டயா?"

"கேட்டனுங்கப்பா" என்றாள் சிந்துஜா. "நம்ம வண்டிப் பசங்க தெனமும், சொட்டு வராட்டியும், தண்ணி வந்துருச்சு தண்ணி வந்துருச்சுன்னு போன்ல சொல்லறதக் கேட்டுக் கேட்டு எங்காதே புளிச்சுப் போச்சு. வரலைன்னு சொல்ற ஆளு ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்ல. நீங்க காப்பியக் குடிச்சுட்டு வாங்க."

பூபதிக்கு முதலில் புரியவில்லை. மயிலாத்தாள் சிரித்தபோதுதான் புரிந்தது. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

"வாங்க சம்மந்தி, போலாம்" என்றார் பொங்கியண்ணன். காலையிலிருந்து இறங்காத சொல் கடைசியில் இறங்கியது. "எம்பட பிட்டு நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

சென்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது. ஒரே எட்டில் முன்னால் போனார். "காப்பின்னா சாதாரணக் காப்பின்னு நெனச்சராதீங்க! நம்ம வேரு ஒண்ணு கொடகு மலை வரைக்கும் போயி, அங்க காப்பித் தோட்டத்துல..."

பொங்கியண்ணன் நடந்தபடியே போனை அக்காள் கையிலிருந்து வாங்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். "அம்மிணி, மாப்பிள்ளை சரி. இவரையுமா?"

"தாய்மாமன் இல்லாமக் கல்யாணம் ஆகுங்களாப்பா? வரட்டும்" என்றாள் சிந்துஜா. "ஆனா அவரையும் டேங்குக்கு ஒரு மூடிதான்."